டெஃப் வரி இயங்கும் கணம்

திங்கள்

பைத்தானில் எழுதப்பட்ட மறுமுயற்சிச் செயற்கூறு ஒன்று, சேவையகம் பதில் தராதபோது 30 விநாடி காத்திருந்து மீண்டும் அழைக்கிறது. காத்திருக்கும் வேலைக்கான டைம்.ஸ்லீப், அதன் தலைப்பு வரியில் தானமைவு செயலுருபாக, அதாவது அழைப்பவர் எதுவும் தராதபோது தானே அமையும் மதிப்பாக, இடம்பெற்றிருக்கிறது. அலகுச் சோதனையில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க, 2012இல் பைத்தான் 3.3 முதல் மொழியோடு வரும் யூனிட்டெஸ்ட்.மாக் தொகுதியின் பேட்ச் வசதியால் டைம்.ஸ்லீப்புக்குப் பதிலாக மாக் எனும் போலிப் பொருள் வைக்கப்பட்டது. ஆயினும் சோதனை 30 விநாடியும் காத்திருந்தே முடிந்தது. போலி ஒருமுறையும் அழைக்கப்படவில்லை.

செவ்வாய்

பேட்சுக்குத் தந்த பாதை சரியாகவே இருக்கிறது. காரணம் பிடிபடவில்லை, எரிச்சலே மிஞ்சுகிறது.

வெள்ளி

டெஃப் என்பது வெறும் அறிவிப்பன்று, இயங்கும் கூற்று. தொகுதி இறக்குமதியாகி அவ்வரி இயங்கும் கணத்தில் தானமைவுக் கோவை ஒரே ஒருமுறை மதிப்பிடப்பட்டு, கிடைத்த பொருள் செயற்கூற்றின் டிஃபால்ட்ஸ் என்ற பண்பில் (பெயரின் இருபுறமும் இரட்டை அடிக்கோடு உண்டு) டூப்பிளாகச் சேமிக்கப்படுகிறது. பேட்ச் மாற்றுவதோ டைம் தொகுதியில் ஸ்லீப் என்ற பெயர் சுட்டும் பொருளை மட்டுமே. செயற்கூறு அப்பெயரை மீண்டும் தேடாமல், முன்பே கைக்கொண்ட பொருளையே அழைக்கிறது. தானமைவாகத் தந்த வெற்றுப் பட்டியல் அழைப்புக்கு அழைப்பு நிரம்பிக்கொண்டே போவதற்கும், தானமைவாக எழுதிய இந்நேரம் இறக்குமதி நேரத்திலேயே உறைந்துவிடுவதற்கும் இதுவே காரணம் என்று தெரிந்தபோது, எரிச்சல் போன இடத்தில் பெருமகிழ்ச்சி வந்தது.

ஞாயிறு

டிஃபால்ட்ஸ் பண்பு எழுதத்தக்கது என்பதால் பேட்ச்.ஆப்ஜெக்ட் கொண்டு அதையே மாற்ற முடிகிறது. சோதனை முடிந்ததும் பழைய டூப்பிள் திரும்ப வைக்கப்படுகிறது. அந்த டூப்பிள் கடைசி அளபுருவிலிருந்து பின்னோக்கிப் பொருந்துவதால், முயற்சி எண்ணிக்கை, ஸ்லீப் ஆகிய இரண்டுக்கும் தானமைவு உள்ள இடத்தில் போலியை மட்டும் தந்தால், எண்ணிக்கை கட்டாய அளபுருவாகி டைப்எரர் எழுகிறது; ஆகவே எண்ணிக்கையின் மதிப்பையும் சேர்த்தே தர வேண்டும். உடுக்குறிக்குப் பின் வரும் அளபுருக்களுக்கோ கேடபிள்யூடிஃபால்ட்ஸ் என்ற தனி அகராதி உண்டு. சோதனை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது.

திங்கள்

போலியை நேரடியாகச் செயலுருபாகத் தருவதே தூய வழி, அந்த அளபுரு இருப்பதே அதற்குத்தான். ஆனால் வேறொரு செயற்கூறு இதை உள்ளிருந்து அழைக்கும்போது சோதனையின் கை அங்கே எட்டுவதில்லை.

வியாழன்

தானமைவை நன் (மதிப்பின்மை) என்று வைத்து, உடலுக்குள் டைம்.ஸ்லீப்பைத் தேடிக்கொள்ளச் செய்தால், தேடல் ஒவ்வோர் அழைப்பின்போதும் நிகழ்வதால் சாதாரண பேட்சே போதும். ஆனால் எது தானமைவு என்பதைத் தலைப்பு வரி படிப்பவருக்குச் சொல்லாமல் போகும், சோதனையின் வசதிக்காக மூலநிரலின் தெளிவு குறையும். பண்பை மாற்றும் வழியிலோ அளபுருக்களின் வரிசை மாறும் நாளில் சோதனை உடையும். குழுவில் இரண்டுக்கும் ஆதரவு இருக்கிறது. மாற்றம் இன்னும் இணைக்கப்படவில்லை.