முகத்திற்கு உரியவர் யார்?



உங்களுடைய முகம் உங்களுக்கே தெரியாமல் எத்தனை பேருடைய முகநூல் பக்கங்களில் குடியிருக்கிறது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? நிக்காஹ் வீட்டில் மருதாணி இட்ட கைகளை உலர்த்திக்கொண்டு பெண்கள் அறையில் அமர்ந்திருந்தபோதோ, பிள்ளை பெற்ற களைப்போடு கட்டிலில் சாய்ந்திருந்தபோதோ, யாரோ ஒருவர் கைப்பேசியை உயர்த்தியிருப்பார். எடுத்தவருக்கு அது அன்றிரவே மறந்துபோன செயல். படத்தில் இருப்பவருக்கோ, அது பல ஆண்டுகள் கழித்தும் பின்தொடர்ந்து வரக்கூடிய ஒன்று.

முன்பெல்லாம் கலியாண ஆல்பம் அலமாரியில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருக்கும். யாருக்குக் காட்டுவது, எந்தப் பக்கம் வந்ததும் மூடிவிடுவது என்பதை வீட்டுப் பெண்களே முடிவு செய்தார்கள். இன்று அந்த அலமாரியின் சாவி நம் இடுப்பில் இல்லை. உறவினர், நண்பர், ஸ்டுடியோக்காரர், முன்பின் அறியாதவர் என்று பலர் கையில் இருக்கிறது. அப்படிப் பிறர் பக்கத்தில் கிடக்கும் நம் படத்தை எடுக்கச் சொல்வது எப்படி? எடுக்கச் சொன்னால் நாம் என்ன செய்ய வேண்டும்? இவ்விரண்டையும் பற்றித்தான் உங்களோடு உரையாட விழைகிறேன்.

பெண்கள் மதரஸா ஒன்றில் நான் பாடம் நடத்துகிறேன். என்னிடம் ஓதி முடித்து மணமாகிச் சென்ற மாணவி ஒருத்தி சில மாதங்களுக்கு முன் என்னைத் தேடி வந்தாள். அவளுடைய கணவரின் சாச்சி, திருமணப் படங்கள் நாற்பதைத் தம் முகநூல் பக்கத்தில் ஏற்றியிருக்கிறார். அவற்றுள் இரண்டு, பெண்கள் அறையில் எடுத்தவை. தலையில் முக்காடு இல்லை. பக்கமோ யாவரும் காணத் திறந்து கிடக்கிறது. கணவருடன் பணிபுரியும் ஒருவர் அந்தப் படத்தைக் காட்டி வாழ்த்துக் கூறியபோதுதான் விஷயமே வீட்டிற்குத் தெரிய வந்தது.

அவள் சாச்சியிடம் கேட்டாள். "மாஷா அல்லாஹ், எவ்வளவு அழகா இருக்கே! ஊரே லைக் போட்டிருக்கு. உன்னை என் மகளா நெனச்சுத்தானே போட்டேன், நான் என்ன வேத்து ஆளா?" என்று பதில் வந்தது. பெரியவரிடம் இப்படிக் கேட்கலாமா என்று மாமியார் முகம் சுளித்தார். "நீ ஏன் எடுக்க விட்டாய்?" என்று கணவர் கேட்டார். எடுத்தவரையும் ஏற்றியவரையும் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. எடுத்துவிடுங்கள் என்று கேட்டவள்தான் குற்றவாளியானாள்.

படத்தோடு இணைத்திருந்த தன் பெயரை, டேக் என்கிறார்களே அதை, அவளாகவே நீக்கிவிட்டாள். படம் இருந்த இடத்திலேயே இருந்தது. டேக்கை நீக்குவது வாசலில் உள்ள பெயர்ப் பலகையைக் கழற்றுவது போன்றதுதான். வீடு அங்கேயே நிற்கும்.

"ஆலிமா, என் கூட்டாளிகள் எல்லாரையும் விட்டு ரிப்போர்ட் அடிச்சு அந்தப் பக்கத்தையே மூட வச்சிடவா?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். இருவரும் அமர்ந்து சாச்சிக்கு ஒரு செய்தி எழுதினோம். நீங்கள் அன்போடு போட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆறாவது படமும் பதினேழாவது படமும் மட்டும் வேண்டாம், மற்றவை இருக்கட்டும். எடுக்கும் முறை தெரியாவிட்டால் நானே வந்து எடுத்துத் தருகிறேன் என்பதுதான் அதன் சாரம். ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு சொல்லும் அதில் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

இரண்டு நாள் மௌனம். மூன்றாம் நாள் சாச்சியே தொலைபேசியில் அழைத்தார். "எனக்குப் போடத்தான் தெரியும்மா, எடுக்கத் தெரியாது. ஒண்ணை எடுத்தா மொத்தமும் போயிடுமோன்னு பயமா இருந்துச்சு. அதைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் அப்படிப் பேசிட்டேன்" என்றார். அவருடைய பேரன் இரண்டே நிமிடத்தில் இரண்டு படங்களையும் நீக்கினான். அடுத்த பெருநாளைக்கு அவள் சாச்சி வீட்டிற்குப் போய் வந்தாள். கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்து புகார் அடித்திருந்தால் அந்த வாசல் அடைபட்டிருக்கும்.

சகோதரிகளே! நம் படத்தை வைத்திருப்பவர்கள் நால்வகையினர். அன்பினால் போட்டவர், அறியாமையால் போட்டவர், ஆதாயத்திற்காகப் போட்டவர், கேடு எண்ணிப் போட்டவர். நால்வரிடமும் ஒரே முறையில் பேசுவது அறிவுடைமை ஆகாது.

அன்பும் அறியாமையும்

முதல் இரு வகையினரிடம் நேரில் கேளுங்கள். இயலாவிட்டால் தனிச் செய்தியில் கேளுங்கள். படத்தின் கீழே பலரும் காணக் கேட்டால், எடுப்பது தோல்வி என்று அவருக்குத் தோன்றிவிடும். எந்தப் படம் என்று துல்லியமாகக் குறிப்பிடுங்கள். அதே படம் வாட்ஸ்அப் குழுமத்திலும் போயிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதன் பிறகும் மறுத்தால் அந்த நிறுவனத்திடமே முறையிடலாம். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் படத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் புகார் செய்யும் வழி வரும். இவ்வாறு புகார் செய்தவர் யார் என்பதை எதிர்த் தரப்புக்கு அவர்கள் தெரிவிப்பதில்லை. 13 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் படமாயின் பெற்றோரே நீக்கக் கோரலாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். கண்ணியமான உடையில் இருக்கும் பெரியவர் ஒருவரின் படத்தை, அவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அந்த நிறுவனங்கள் கட்டாயம் நீக்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. முக்காடு விலகிய படம் நமக்கு எத்துணைப் பெரிய வேதனை என்பது அவர்களின் அளவுகோலுக்குள் அடங்குவதன்று. ஆகவேதான் மனிதரிடம் கேட்கும் வழியை முதலில் வைக்கிறேன்.

ஆதாயம்

மூன்றாம் வகைக்கு ஸ்டுடியோக்காரர்கள் சிலரை எடுத்துக்காட்டலாம். மணப்பெண்ணின் படத்தைத் தம் தொழிலுக்கு விளம்பரமாக இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிடுகிறார்கள். கேட்டால், "நான் எடுத்த படம், எனக்குத்தான் உரிமை" என்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்திற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஸ்டுடியோவுக்குப் பணம் கொடுத்தவர் பெண்ணின் அத்தாவாயின் பதிப்புரிமை அவருடையது.

"வேறு ஒப்பந்தம் இல்லாதவரை" என்ற சொற்களைக் கவனியுங்கள். ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். "எங்கள் எழுத்து மூலமான சம்மதமின்றி எந்தப் படத்தையும் எங்கும் வெளியிடலாகாது" என்று ஒரு வரியை எழுதி இருதரப்பும் கையொப்பமிட்டுவிட்டால் பின்னால் வழக்காட வேண்டியதில்லை. பதிப்புரிமை மீறல் என்றும் அந்நிறுவனங்களிடம் புகார் கொடுக்கலாம். ஆனால் அவ்வகைப் புகாரில் மட்டும் உங்கள் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் எதிர்த் தரப்புக்குச் செல்லக்கூடும். ஆகவே அதனைக் குடும்பத்தில் பொறுப்பான ஒருவர் பெயரில் செய்வது நல்லது. அவர் அந்த உரிமைக்கு உடையவராகவும் இருத்தல் வேண்டும்.

கேடு

நான்காம் வகையைப் பற்றி நம் சமுதாயம் கசப்பாக அறிந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டு ஜூலையிலும், 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலும் இழிவான பெயர்களுடன் இரண்டு செயலிகள் தோன்றின. பத்திரிகையாளர்கள் உள்ளிட்ட முஸ்லிம் பெண்கள் பலரின் படங்களை அவர்களுடைய பக்கங்களிலிருந்தே எடுத்து, ஏலத்திற்கு வைப்பது போல் அவற்றில் போட்டார்கள். அந்தப் பெண்கள் ஒளிந்துகொள்ளவில்லை; புகார் கொடுத்தார்கள். செயலிகள் அகற்றப்பட்டன. 2022 ஜனவரியில் கைதுகளும் நிகழ்ந்தன.

இத்தகையோரிடம் கெஞ்சவும் வேண்டாம், பேரம் பேசவும் வேண்டாம், பணம் கொடுக்கவும் வேண்டாம். முதலில் சான்றைச் சேருங்கள். படம், கணக்கின் பெயர், இணைய முகவரி, தேதி ஆகிய யாவும் தெரியும்படித் திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். படம் நீக்கப்பட்ட பின் சான்று கிடைப்பது அரிது. அடுத்து, அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அந்தரங்கப் படங்களையும், ஒட்டு வேலை செய்த பொய்ப் படங்களையும், பாதிக்கப்பட்டவர் முறையிட்ட 24 மணி நேரத்திற்குள் அகற்ற வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வெளிவந்தபோதே கெடு வைத்தன. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் 1930 என்ற எண்ணிலும் காவல் துறையை அணுகலாம்.

அந்தரங்கப் படத்தைப் பரப்பிவிடுவேன் என்று மிரட்டுபவர் இருந்தால் 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற இலவசச் சேவை 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டிருக்கிறது. படம் உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே செல்லாது. அதன் எண் அடையாளம், கைரேகையைப் போன்ற ஒன்று, மட்டும் அதில் பங்கேற்கும் நிறுவனங்களுக்குச் செல்லும். அவர்கள் அப்படத்தைக் கண்டறிந்து தடுப்பார்கள். 18 வயது நிறையாதபோது எடுத்த படமாயின் 'டேக் இட் டவுன்' என்ற சேவை உண்டு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகள் நடுங்கிக்கொண்டு வந்து சொல்லும்போது, "நீ ஏன் எடுக்க விட்டாய்?" என்று முதல் கேள்வியைக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் பல பெண்கள் மிரட்டுபவனுக்கே பணிந்துபோகிறார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவு, பெண்ணொருத்தி தன் அந்தரங்கப் படம் எடுக்க இசைந்திருந்தாலும், பிறருக்குப் பரப்ப இசையாதபோது பரப்புவதைக் குற்றம் என்கிறது. எடுக்க இசைந்தது பரப்ப இசைந்தது ஆகாது. சட்டமே இதை விளங்கிக்கொண்டிருக்க, பெற்ற தாய் விளங்கிக்கொள்ளலாகாதா?

காரணம் எதற்கு?

இனி, படத்தை வைத்திருக்கும் நம் பக்கம் வருவோம். நாம் எல்லாரும் யாரோ ஒருவருக்குச் சாச்சியாகத்தான் இருக்கிறோம்.

பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்பே நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் கற்பிக்கிறது. திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும், அதுவே நமக்குத் தூய்மையானது என்கிறது அடுத்த வசனம். இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவிகளிடம் ஒன்றைச் சுட்டிக்காட்டுவேன். ஏன் திருப்பி அனுப்புகிறார் என்று வீட்டுக்காரர் விளக்க வேண்டும் என அங்கே கூறப்படவில்லை. அவர் நோயுற்றிருக்கலாம், அழுதுகொண்டிருக்கலாம், வெறுமனே தனிமையை விரும்பலாம். வாசலில் நிற்பவருக்கு அது தேவையில்லை. முகமும் ஒரு வீடு அல்லவா? என் முகத்தை எடுத்துவிடு என்று ஒருவர் சொன்னால், அதுவும் திரும்பிச் செல்லுங்கள் என்ற சொல்தான்.

"நல்ல படம்தானே, பாராட்டித்தானே போட்டேன்" என்பதும் விடையாகாது. 1994ஆம் ஆண்டு, ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை அழகாக வகுத்தது. ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றைப் பற்றி, பொதுப் பதிவேடுகளில் உள்ளவை போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அவருடைய இசைவின்றி வெளியிடலாகாது. அது உண்மையாயினும் பொய்யாயினும், புகழ்ச்சியாயினும் இகழ்ச்சியாயினும் சரியே என்பது அத்தீர்ப்பின் கருத்து. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உறுதி செய்தார்கள்.

ஆகவே கேட்டவருக்குக் காரணம் கூறும் சுமையை ஏற்றாதீர்கள். மறைந்த உறவினரின் படமாக இருக்கலாம். முறிந்துபோன திருமணத்தின் படமாக இருக்கலாம். உடல் மெலிந்திருந்த நோய்க்காலத்தின் படமாக இருக்கலாம். காரணத்தைக் கேட்பது ஆறிய புண்ணைக் கிளறுவதாகும். வளர்ந்த பிள்ளை தன் குழந்தைப் பருவப் படத்தை எடுக்கச் சொன்னாலும் இதே விடைதான். "பெற்ற எனக்கு இல்லாத உரிமையா?" என்று சிரித்துவிடாமல் எடுத்துவிடுங்கள். பிறர் முகம் நம் கையில் அமானிதம். கேட்டால் திருப்பிக் கொடுப்பதுதான் அமானிதத்தின் இலக்கணம்.

இவ்விதழை மூடி வைத்த பின் உங்கள் பக்கத்தை ஒருமுறை மெல்லப் புரட்டிப் பாருங்கள். கேட்கத் தயங்கிக்கொண்டிருக்கும் முகம் ஏதேனும் அங்கே இருக்கக்கூடும். அவர் கேட்கும்வரை காத்திராமல், "இந்தப் படம் இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். எடுத்துவிடுங்கள் என்றால், சரி என்ற ஒரு சொல்லோடு எடுத்துவிடுங்கள்.