சித்திரசபையில் கிடைத்த தலைப்பு

தென்காசியில் நண்பர்கள் சேர்ந்து நடத்த எண்ணிய சிறு ஓவியக் கண்காட்சிக்குக் கருப்பொருள் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'நீர்' என்று எழுதி வைத்தேன். குற்றாலம் பக்கத்தில் இருக்கையில் வேறென்ன தோன்றும்! அச்சொல்லுக்குள் எந்த ஓவியத்தையும் திணித்துவிடலாம் என்பது பிறகுதான் உறைத்தது.

சாரல் விழுந்த ஒரு காலையில் சித்திரசபைக்குப் போனேன். ஐந்து சபைகளில் இங்கே மட்டும்தான் கூத்தன் சுவரோவியமாகவே வழிபடப்படுகிறான். சுற்றுச் சுவர்களிலும் ஓவியங்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த அதே சுவரை நோக்கி அருகில் ஒரு மூதாட்டி கைகூப்பி நின்றார்.

2014 கொச்சி முசிறி பினாலேயில் ஜிதிஷ் கல்லாட் 'கடல்' என்று பொதுவாக நிறுத்திக்கொள்ளவில்லை. வாஸ்கோ ட காமா கேரளக் கரையை அடைந்த காலத்தையும், அந்நூற்றாண்டுகளில் அங்கு தழைத்த வானியல், கணித மரபையும் அருகருகே வைத்துத்தான் தொடங்கினார்.

வீடு திரும்பி 'நீர்' என்பதை அடித்துவிட்டு, 'பார்ப்பதற்கும் வணங்குவதற்கும் நடுவே' என்று எழுதினேன். வந்திருந்த படங்களில் பாதி வெளியே போயிற்று. நெருங்கிய நண்பரொருவரின் அருவி ஓவியமும் அவற்றுள் ஒன்று. நல்ல ஓவியம்தான். அவர் இன்னும் என்னோடு முன்போலப் பேசுவதில்லை.