81 ஆண்டுகள் பூட்டிக் கிடந்த இசை

பெர்லின், 2004 டிசம்பர். பெர்லின் பில்ஹார்மானிக் இசைக் குழுவை நடத்துபவர் சைமன் ராட்டில். பியானோவில் 76 வயது அமெரிக்கர் லியோன் ஃப்ளைஷர். அன்று அரங்கேறியது பியானோவின் இடது கைக்காகவும் ஆர்க்கெஸ்ட்ராவுக்காகவும் பால் ஹிண்டமித் 1923-ல் எழுதிய படைப்பு. இருபது நிமிடம்கூட நீடிக்காத அதை எழுதியவரே ஒருமுறையும் கேட்காமல் 1963-ல் இறந்துபோனார்.

காரணம், காசு கொடுத்து எழுதச் சொன்னவர். பால் விட்கென்ஸ்டைன், வியன்னா எஃகு அதிபர் ஒருவரின் மகன். தத்துவ மேதை லுட்விக்கின் அண்ணன். 1914-ல் ரஷ்யப் போர்முனையில் குண்டடிபட்டு வலது கையை இழந்தார். சைபீரியக் கைதி முகாமில் ஒரு மரப்பெட்டியையே பியானோவாக பாவித்து, இடது கையால் தட்டித் தட்டிப் பழகினாராம். பிடிவாதக்காரர். ஊர் திரும்பியதும் பெரிய இசையமைப்பாளர்களிடம் ஒற்றைக் கைக்கான படைப்புகளைக் கேட்டு வாங்கினார்.

அப்படிப் பிறந்ததுதான் ராவெலின் கான்செர்ட்டோ. டபுள் பேஸ்களின் அடிவயிற்று முனகலில் தொடங்கும் இசை மெல்ல மெல்லப் பொங்கி எழ, பியானோ பாய்ந்து நுழைகிறது. கட்டைவிரல் மெட்டைப் பிடிக்க, மற்ற நான்கும் கீழ் ஸ்தாயியில் ஓடுகின்றன. கண்ணை மூடிக் கேட்டால் ஒரு கை என்று யாரும் நம்பமாட்டார்கள். விட்கென்ஸ்டைனோ 1932-ல் வியன்னாவில் அதை வாசித்தபோது தன் இஷ்டத்துக்கு மாற்றினார். ராவெல் கொதித்துப்போனார். புரோக்கோஃபியெவ் எழுதித் தந்ததில் ஒரு ஸ்வரமும் புரியவில்லை என்று ஒதுக்கிவிட்டார். ஹிண்டமித்தின் படைப்பையும் வாசிக்கவில்லை. வேறு யாருக்கும் தரவுமில்லை.

இரண்டாம் உலகப் போரில் வலது கையை இழந்தவர் ஜெர்மன் பியானோ கலைஞர் சீக்ஃப்ரீட் ராப். தன்னைப் போன்ற அவர் கேட்டபோதும் விட்கென்ஸ்டைன் மறுத்தார் என்பதுதான் ஜீரணிக்க முடியாதது. புரோக்கோஃபியெவின் கான்செர்ட்டோவை ராப் வேறு வழியில் பெற்று, 1956-ல் பெர்லினில் அரங்கேற்றினார். ஹிண்டமித்தின் தாள்களுக்கு அந்த வழியும் இல்லை. விட்கென்ஸ்டைன் 1961-ல் இறந்த பின் மனைவியின் வசம் இருந்தன. அவரும் மறைந்த பிறகு, 2002-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கண்டெடுக்கப்பட்டன.

அவர் கேட்டிருக்காவிட்டால் இவற்றில் எதுவுமே பிறந்திருக்காது என்பதும் நிஜம். ஃப்ளைஷருக்கு அது நன்றாகவே தெரியும். 1960-களில் அவருடைய வலது கையின் இரு விரல்கள் மடங்கிக்கொண்டன. அடுத்த முப்பதாண்டு காலம் மேடையில் அவருக்குச் சோறு போட்டது பெரும்பாலும் ராவெல்தான். பின்னர் சிகிச்சையால் வலது கை ஓரளவு மீண்டு, 2004-க்குள் இரு கைகளாலும் வாசிக்கத் தொடங்கியிருந்தார். ஆனால் பெர்லினில் ஹிண்டமித்துக்கு இடது கை மட்டுமே போதுமானதாக இருந்தது.