குடவோலை ஊரில் ஒரு கேம் டீம்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் பலரும் பள்ளியில் படிக்கும்போது ஒருமுறையாவது அங்கே வரிசையில் நிற்க வைக்கப்பட்டவர்கள்தான். அவனும் நின்றிருக்கிறான். சுவரில் இருந்த எழுத்தைவிட வெளியே விற்ற குச்சி ஐஸ் மீதுதான் அன்றைக்குக் கண். குடவோலை முறை என்றால் அவனுக்கு அது ஐந்து மார்க் கேள்வி. பானை, ஓலை, சின்னப் பையன். எழுதினால் நாலரை மார்க் நிச்சயம்.

அந்தச் சுவர் தன்னைப் பற்றியும் பேசுகிறது என்று தெரிய அவனுக்கு 24 வயதாக வேண்டியிருந்தது. ஒரு நண்பனை இழக்கவும் வேண்டியிருந்தது.

இன்ஜினீயரிங் முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வரும் நேரமெல்லாம் போனில் கேம். விளையாடி விளையாடி, ஒரு நாள் நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. ஆசை வந்த வேகத்தில் ஆள் சேர்த்தான். கோடிங்குக்குக் கல்லூரி நண்பன். படம் வரைய, ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன். கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் டிசைன் செய்யும் கடையில் வேலை பார்ப்பவன். இசைக்கு, கீபோர்டு வைத்திருந்த ஒரே காரணத்துக்காகச் சித்தப்பா பையன். அவன் தலைவன்.

முதல் கூட்டம் ஏரிக்கரையில். “செலவே கிடையாதுடா மச்சான்” என்றான். அதில் பொய் இல்லை. கேம் செய்ய ‘கோடோ’ என்ற மென்பொருள் இலவசம். முப்பரிமாணப் படங்களுக்கு ‘பிளெண்டர்’ இலவசம். ‘இட்ச்’ தளத்தில் வெளியிடவும் காசு வேண்டாம். பெரிய கடையான ‘ஸ்டீம்’ மட்டும் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம் கேட்கும். விற்பனையில் 30 சதவிகிதம் எடுத்துக்கொள்ளும். “அதெல்லாம் வர்றப்ப பார்த்துக்கலாம். லாபம் வந்தா சமமா பிரிச்சுக்கலாம்” என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. நண்பர்களுக்குள் எதற்கு எழுத்து?

கேம் என்ன? சோழர் காலப் போர். யானைப் படை, கப்பல் படை, 100 லெவல், ஆன்லைனில் ஆயிரம் பேர் சேர்ந்து விளையாடலாம். நாலு பேர், அதுவும் வேலை முடிந்து வந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் செய்யப்போகிற கேம் இது.

ஒரு யானை திரையில் நான்கு அடி நடக்க வேண்டுமென்றால், காலைத் தூக்குவது, வைப்பது, தும்பிக்கை ஆடுவது என்று பன்னிரண்டு படங்கள் வரைந்தான் ஓவிய நண்பன். கடையில் பகலெல்லாம் பேனர், ராத்திரியெல்லாம் யானை. நான்காவது மாதம் தலைவனுக்குப் புதிய யோசனை வந்தது. யானை வேண்டாம், குதிரை போதும். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

எட்டாவது மாதம், ஒரு கல்லூரி விழாப் போட்டியில் பாதி முடிந்த கேமைக் காட்டியதற்கு 15,000 ரூபாய் பரிசு கிடைத்தது. அந்த நேரம் பார்த்து அவன் லேப்டாப் படுத்துவிட்டது. ரிப்பேருக்கு 9,000. கேமுக்காகத்தானே லேப்டாப் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை; சொல்ல ஒரு நல்ல நேரம் வரட்டும் என்று தள்ளிப்போட்டான். சித்தப்பா பையன் வழியாக விஷயம் வெளியே வந்தது.

ஓவிய நண்பன் சண்டை போடவில்லை. “காசு வேணாம்டா. வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் குரூப்பிலிருந்து வெளியேறினான். இரண்டு வாரத்தில் கோடிங் நண்பனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கடைசிவரை குரூப்பில் இருந்தது, ஒரு பாட்டுகூடப் போட்டுத் தராத சித்தப்பா பையன்தான். அவனைப் போகச் சொல்லவும் முடியாது. சொன்னால் வீட்டில் பொங்கல் வேறு மாதிரி ஆகிவிடும்.

அதன்பிறகு அந்த பேனர் கடை வழியாகப் போவதைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் போக ஆரம்பித்தான்.

இப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து அத்தை குடும்பம் வந்தது. குழந்தைகளுக்குக் கல்வெட்டு காட்ட வேண்டுமாம். அவன்தான் கூட்டிப்போனான். அத்தை பெண் கேள்விமேல் கேள்வி கேட்க, பதில் சொல்வதற்காகப் போனில் கல்வெட்டின் பொருளைத் தேடி, முதல்முறையாக முழுசாகப் படித்தான்.

முதலாம் பராந்தக சோழன் காலம். கி.பி. 919-ல் ஒரு கல்வெட்டு, 921-ல் இன்னொன்று. அன்று உத்திரமேருச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் பெற்றிருந்த ஊரில் 30 குடும்புகள். குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் என 30 பேரைத் தேர்ந்து, சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று பிரித்திருக்கிறார்கள். பதவிக் காலம் 360 நாள். அது முடிந்தால் இறங்கிவிட வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரை ஓலையில் எழுதவே கூடாது.

யார் யாரெல்லாம் தகுதியில்லாதவர்கள் என்று ஒரு நீண்ட பட்டியல். முதலிலேயே வருகிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர். அவர் மட்டுமல்ல, அவருடைய அப்பா, பிள்ளை, சகோதரன், மாமனார், மாப்பிள்ளை, மச்சான், சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள்வரை யாரும் கூடாது.

அந்த இடத்தில் அவன் நின்றுவிட்டான். திருட்டுப் பட்டம் கட்டுவதற்கு முன்னால், ஊரார் கேட்பது கணக்கு. எடுத்தாயா இல்லையா என்பது பிறகு. காட்டினாயா என்பதுதான் முதல் கேள்வி. நண்பன் கேட்டதும் அதுவேதான்.

“அப்புறம் என்ன மாமா?” என்று அத்தை பெண் கையைப் பிடித்து இழுத்தாள். குடத்தின் கதையைச் சொன்னான். ஊர் முழுக்கக் கூடியிருக்க, இருப்பதிலேயே மூத்த நம்பி குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத சிறுவன் ஒருவன் எடுக்க வேண்டும். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஓலையை வாங்கி, சத்தமாகப் படிக்க வேண்டும். தூக்கிப் பிடிப்பவர் எடுப்பதில்லை. எடுப்பவனுக்கு விவரம் தெரியாது. படிப்பவர் கையை மூடக்கூடாது. சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு உறைத்தது: தன் டீமில் தூக்கியது, எடுத்தது, படித்தது, கையை மூடிக்கொண்டது எல்லாம் தானே.

அந்தச் சுவரை அப்படியே தலையில் வைத்துக் கொண்டாடவும் முடியாது. அது பிராமணர்களுக்குத் தரப்பட்ட பிரம்மதேய ஊர். வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் குடத்தில் இடம். அவன் பாட்டன் முப்பாட்டன் பெயர் எதுவும் அந்த ஓலைகளில் ஏறியிருக்காது. ஆனால் ஒன்று அவனுக்குப் பிடித்திருந்தது. 919-ல் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 என்று திருத்தி மறுபடி கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முதல் விதி சரியாக வரவில்லை என்று ஊரே ஒப்புக்கொண்டு மாற்றியிருக்கிறது. கல்லில் எழுதியதையே மாற்றலாம் என்றால், வாட்ஸ்அப்பில் ஏரிக்கரையில் பேசியதை மாற்ற முடியாதா?

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து பேனர் கடைக்குப் போனான். பரிசுப் பணத்தை நாலாகப் பிரித்தால் தலைக்கு 3,750. நண்பனின் பங்கையும், நோட்டில் எழுதிய கணக்கையும் மேஜைமேல் வைத்தான். லேப்டாப் செலவைத் தன் கணக்கிலேயே எழுதியிருந்தான். பெங்களூர்க்காரனுக்குக் காலையிலேயே ஜிபே செய்தாகிவிட்டது.

நண்பன் நோட்டைப் புரட்டினான். “அவனுக்கும் 3,750-ஆ? ஒரு பாட்டுகூடப் போடலையேடா!”

“சமமான்னு சொன்னேன்ல. சொன்னது சொன்னதுதான்.”

சிரிக்கவில்லை. ஆனால் டீ சொன்னான். மறுபடி சேருவது பற்றி அன்றைக்கு இருவருமே பேசவில்லை.

அடுத்த மாதங்களில் அவன் கேம் செய்யாமல், மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்தான். ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற விவசாய கேமை எரிக் பரோன் என்ற ஒரே ஆள், நாலு வருடத்துக்கும் மேல் உட்கார்ந்து செய்து 2016-ல் வெளியிட்டார். அது அவருக்கு ஆயிற்று, எல்லோருக்கும் ஆகாது. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் குழு ‘ராஜி’ கேமுக்காக 2017-ல் மக்களிடம் இணையத்தில் பணம் திரட்டப் பார்த்தது, இலக்கு எட்டவில்லை. குழு கலையாமல் நின்று, 2020 ஆகஸ்ட்டில் கேமை வெளியிட்டது.

அவனை உலுக்கியது ‘வெண்பா’. டொரான்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு, அபி என்ற தமிழரின் தலைமையில் செய்து 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டில் எழுத்துகள் அழிந்து போயிருக்கும். யோசித்து யோசித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். யானைப் படை இல்லை, நூறு லெவல் இல்லை. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தச் சின்ன கேம், 2024-ல் சான் பிரான்சிஸ்கோவில் தனி கேம் படைப்பாளிகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதல் பரிசையும், லண்டனில் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதையும் வாங்கியது.

சமையலறையை வைத்து ஒரு கேம் செய்ய முடியுமென்றால், தன்னிடம் என்ன இருக்கிறது? அவனுக்கு அப்பா ஞாபகம் வந்தார். தண்ணீர் முறை வரும் ராத்திரிகளில் டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாக மடை திருப்பப் போகிற அப்பா. ஒரு ஏரி, ஒரு மதகு, ஐந்து வயல், குறைந்துகொண்டே வரும் தண்ணீர். விளையாடுபவர்தான் நீர்க்கட்டி. யார் வயலுக்கு முதலில் விடுவது? பல்லவர் காலத்திலேயே வைரமேக தடாகம் என்று பெயர் வாங்கிய ஏரி இருக்கிற ஊரில், இதற்குக் கதை தேடி எங்கும் போக வேண்டியதில்லை.

இரண்டாவது டீமுக்கு முன்னால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினான். கேம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. டீமின் காலம் 90 நாள். முடிந்ததும் யார் வேண்டுமானாலும் மனஸ்தாபம் இல்லாமல் விலகலாம். ஒருவர் முடித்த வேலையை மாற்ற வேண்டுமென்றால் அவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், கட்டைவிரல் செல்லாது. பணம் வந்தாலும் போனாலும் அன்றைக்கே நோட்டில் ஏற வேண்டும். விதி சரிப்படவில்லை என்றால் எல்லோரும் உட்கார்ந்து திருத்தலாம்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பேனர் கடைக்குப் போனான். நண்பன் இரண்டு தடவை படித்தான். “யானை இருக்கா?”

“இல்ல.”

“அப்ப சரி” என்றான்.

கோடிங்குக்கு பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பெண் வந்தார். இசைக்கு, கோயில் திருவிழாக்களில் தவில் வாசிக்கும் ஓர் அண்ணன். சித்தப்பா பையனிடம் நேரில் போய், “இந்தத் தடவை நீ இல்லடா” என்றான். எதிர்பார்த்த பூகம்பம் வரவில்லை. “எனக்கும் நிம்மதிடா” என்றான் அவன். எட்டு மாதமும் அவனும் மாட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அறுபதாவது நாள், பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்புப் பையன் கையில் போனைக் கொடுத்தார்கள். விவரம் தெரியாத சிறுவன் குடத்தில் கைவிடுகிற மாதிரிதான். யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. பையன் மதகைத் திறக்கத் தெரியாமல் இரண்டு நிமிடம் திரையெல்லாம் தட்டிவிட்டு, “போர் அடிக்குதுண்ணா” என்று எழுந்து போனான். தலைவனுக்கு வாய் துடித்தது. சொல்லிக்கொடுத்தால் இந்தப் பையனுக்குப் புரியும். விளையாடப்போகிற மற்றவர்களுக்கு யார் சொல்லித்தருவது? அந்த வாரம் முழுக்க மதகை மட்டும் சரிசெய்தார்கள்.

90-வது நாள் கேம் ‘இட்ச்’ தளத்தில் இலவசமாக ஏறியது. முதல் வாரம் விளையாடியவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அப்பாவும் விளையாடிப் பார்த்தார். “கடைமடைக்காரனுக்கு நீ தண்ணியே விடலையேடா” என்றார். அடுத்த டீமுக்கான முதல் திருத்தம் அதுதான்.

அன்று சாயங்காலம் நால்வரும் ஏரிக்கரையில் கணக்கு முடித்தார்கள். டீ, பஸ், நெட் பேக் எல்லாம் போக மிச்சம் 340 ரூபாய். அவன் சத்தமாகப் படித்தான். நோட்டு கைமாறியது. ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். நோட்டு திரும்பி வந்தபோது, நண்பனின் கையெழுத்துக்குக் கீழே பேனாவால் வரைந்த ஒரு சின்ன யானை இருந்தது.