நெத்திலி உயிரோடிருக்கும் வரை

சான் பிரான்சிஸ்கோவின் ஃபிஷர்மேன்ஸ் வார்ஃபில் ஜூன் மாதத்து விடியற்காலை. மூடுபனியில் ஊறிய பலகைத் துறையில் 18 பேர் நிற்கிறார்கள். பெரியவர்களின் சட்டைப்பையில் கலிஃபோர்னியா மாநில மீன்பிடி உரிமம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், அவருடைய பத்து வயதுப் பேத்தி, இரவுப்பணி முடித்து நேராக வந்துவிட்ட செவிலியர் இருவர், கடைசியாக நான். ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு கூட்டமாகக் கடலுக்கு அழைத்துப் போகும் 'பார்ட்டி போட்' எங்களுக்காகக் காத்திருந்தது.

படகு முதலில் மீனைத் தேடிப் போகவில்லை. இரை வாங்கப் போனது. மிதக்கும் வலைக்கூண்டுகளில் நெத்திலிகள் உயிரோடு அடைபட்டிருந்தன. வலையிலிருந்து எடுத்த கையோடு அவற்றைத் தூண்டிலில் மாட்ட முடியாது. செதில் உதிர்ந்தவையும் அடிபட்டவையும் முதல் சில நாட்களில் செத்துவிடும். கூண்டில் இருந்து தேறியவைதான் நல்ல இரை. படகில் டெக்ஹேண்டாக, அதாவது தள உதவியாளராக, வேலை பார்க்கும் இளைஞர் கைவலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் படகின் தொட்டிக்கு மாற்றினார். ஒரே மூச்சில் நிறைய அள்ளினால் அடியில் இருப்பவை நசுங்கிவிடும்.

அந்தத் தொட்டிக்கு மூலையே கிடையாது. நெத்திலி நிற்காமல் சுற்றும் மீன். மூலை இருந்தால் முட்டி முட்டி மூக்கு சிவந்து சாகும். மோட்டார் ஓயாமல் புதுக் கடல்நீரை உள்ளே தள்ள, பழைய நீர் மேலே வழிந்து போகிறது. "மோட்டார் நின்றால் எனக்கு முதலில் தெரிந்துவிடும். தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுவேன்" என்றார் அந்த இளைஞர்.

இத்தனை பாடும் ஒரு தட்டை மீனுக்காக. கலிஃபோர்னியா ஹாலிபட் மணலில் புதைந்து கண்களை மட்டும் வெளியே நீட்டிக் கிடக்கும். தலைக்கு மேல் இரை போனால் அம்பாகப் பாயும். பிறக்கும்போது எல்லா மீனையும் போல நிமிர்ந்துதான் நீந்துகிறது. சில வாரங்களில், விரல் நகத்தைவிடச் சிறிதாக இருக்கும்போதே, ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் வந்துவிடுகிறது. இதன் குடும்பத்தில் பெரும்பாலான மீன்களுக்குக் கண்கள் இடப்பக்கம்தான். இந்த இனத்திலோ ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு வலப்பக்கம். நம் கடலிலும் இதற்குத் தூரத்து உறவு உண்டு, எருமை நாக்கு. அந்தத் தமிழ்ப் பெயரே 1801-இல் அதன் அறிவியல் பெயரிலும் ஏறியது; இன்று அது 'செட்டோடிஸ் எருமெய்'.

கேப்டன் அன்றைய நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நிலா. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி விரிகுடாவில் நீரோட்டம் முரட்டுத்தனமாகும், தண்ணீர் கலங்கும், ஹாலிபட்டின் கண்ணுக்கு இரை படாது. அட்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் தணிந்து நீர் தெளிகிறது. ஏஞ்சல் தீவைத் தாண்டியதும் அவர் எஞ்சினை அணைத்தார். நங்கூரம் போடவில்லை. நீரோட்டம் தள்ளும் திசையில் படகு பக்கவாட்டில் மிதந்தது. வரிசையாக 18 தூண்டில்கள் மணல்தரையைத் தடவிக்கொண்டு போயின.

நெத்திலியை முள்ளில் மாட்டுவதை அந்த இளைஞர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே காட்டினார். முதலில் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கையில் செதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மீனை இறுக்காமல் உள்ளங்கையில் கிடத்தி, மூக்கின் குருத்தெலும்பு வழியாக மெல்லிய முள்ளை ஒரே தடவையில் செருக வேண்டும். பிறகு தாமதிக்காமல் தண்ணீரில் விட வேண்டும். நான் மாட்டிய முதல் நெத்திலி இரண்டு முறை துடித்து அடங்கிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை நீட்டினார். அவருடைய விரல்களில் வெள்ளிப் பொடி போலச் செதில்கள் மின்னின. அவை எப்போதும் இருக்கும் அளவுதானா, அதிகமா என்று பார்த்தே, நாள் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவாராம்.

கழி அசைந்தவுடன் எல்லோரும் வெட்டி இழுக்கத்தான் பார்க்கிறார்கள். ஹாலிபட் இரையைப் பற்களால் கவ்வி, சற்று வைத்திருந்துதான் விழுங்கும். "பொறு, பொறு, கழி முழுசா வளையட்டும்" என்று பேத்தியின் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார் இளைஞர். சிறுமி உதட்டைக் கடித்தபடி காத்திருந்தாள். கழி வளைந்தது. பாதித் தூரம் வரை நனைந்த பலகையைப் போல மேலே வந்த மீன், படகின் நிழலைக் கண்டதும் அடிக்குப் பாய்ந்தது. மூன்றாம் முறை மேலே வந்தபோது தலைப்பக்கமாக வலையைக் கொடுத்து அள்ளிவிட்டார்.

அளவுப்பலகையில் 21 அங்குலம். சட்டம் கேட்பது 22. தாத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இளைஞர் முள்ளைக் கழற்றி, மீனை இரு கைகளாலும் ஏந்திச் சிறுமியிடம் கொடுத்துவிட்டார். அவளே அதைத் தண்ணீரில் விட்டாள்.

இந்தப் படகுகளுக்கு அந்த ஓர் அங்குலம் சின்ன விஷயமல்ல. சாக்ரமென்டோ ஆற்று சால்மன் குறைந்துபோனதால் 2023-இலும் 2024-இலும் மாநிலக் கடலில் சால்மன் பிடிப்பு மூடப்பட்டது. சால்மனை நம்பியிருந்த படகுகள் ஹாலிபட் பக்கம் திரும்பின. அந்த மீனின் மேல் அழுத்தம் கூடும் என்று பாயின்ட் சுர் முனைக்கு வடக்கே ஒருவர் ஒரு நாளில் பிடிக்கக்கூடிய எண்ணிக்கையை மாநிலம் 2023-இல் 3-லிருந்து 2-ஆகக் குறைத்தது. "ஆற்றில் ஒன்று குறைந்தால் என் தொட்டி வரை வந்து தட்டும்" என்றார் கேப்டன். படகின் டீசல், இரை, டெக்ஹேண்டின் வருமானம் எல்லாம் அதன் பிறகு பெரும்பாலும் இந்தத் தட்டை மீனின் மேல்தான் நின்றன.

மதியத்துக்குள் 11 ஹாலிபட். திரும்பும் வழியில் அந்த இளைஞர் பலகையில் கத்தியோடு நின்றார். நடு எலும்பை ஒட்டி ஒரு கீறல். மேலே இரண்டு, கீழே இரண்டு என ஒரு மீனுக்கு நான்கு துண்டங்கள். அந்த நடுவிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கத்தியை வைத்துவிட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

துறையில் எல்லோரும் பையோடு இறங்கினார்கள். பேருந்து ஓட்டுநர் அந்த இளைஞரின் கையில் பணத்தை மடித்து வைத்தார். தளத்தைக் கழுவி, தூண்டில்களை அடுக்கி, எஞ்சினை அணைத்த பிறகும் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தொட்டி மோட்டாரை அவர் நிறுத்தவில்லை. நாளைய பயணத்துக்கு எஞ்சிய நெத்திலிகள் உள்ளே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.