நாணயம் எண்ணியவரின் விண்மீன்கள்

ராதா கோவிந்த சந்திரா என்ற பெயரை வானியல் நூல்களில் தேடினால் பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் காணலாம். 1878இல் வங்காளத்தின் ஜெசோரில் பிறந்தவர். மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் மும்முறை தோற்று, ஜெசோர் திறைசேரியில் நாணயங்களைச் சோதித்து எண்ணும் சிறிய உத்தியோகத்தில் அமர்ந்தவர். 1910இல் ஹலியின் வால்வெள்ளியை இரட்டைக்கண் தொலைநோக்கியால் பார்த்தபின் அவருடைய இரவுகள் வானத்துக்கு உரியவையாகிவிட்டன. வங்காள மொழியில் ‘தூமகேது’ என்றொரு நூலும் எழுதினார்.

1918 ஜூனில் கழுகு விண்மீன் கூட்டத்தில் திடீரென ஒளிர்ந்த புதுவிண்மீனைத் தாமாகவே கண்டார். உலகில் வேறு பலரும் அதைக் கண்டனர். முதலில் கண்டவர் யார் என்ற கேள்வியில் எனக்கு அக்கறையில்லை. ‘முந்திக்கொண்ட செய்தி’ என்ற எங்கள் தொழிலின் பழைய நோயை அறிந்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும்.

சந்திராவின் பெருமை அதன்பின் வந்த வருடங்களில் உள்ளது. ஒளிமாறும் விண்மீன்களை நோக்குவோருக்கான அமெரிக்கச் சங்கத்துக்கு 1954 வரை அவர் அனுப்பிய கணிப்புகள் 37,215. ஒவ்வொரு கணிப்பும் ஒரு வரிதான். ஒளி மாறாத இரண்டு அயல் விண்மீன்களின் ஒளித்தரம் 6.2, 6.8 எனத் தெரிந்தால், இவற்றுக்கு நடுவே நிற்பதற்கு 6.5 என்று எழுதவேண்டும். சொல்ல எளிது. ஆனால் சிவந்த விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க அது கூடுதலாக ஒளிர்வதாகக் கண் ஏமாற்றும். நேற்றைய இலக்கம் நினைவில் நின்றால் இன்றைய இலக்கமும் அதன் பக்கம் சாயும். ஆகவே பழைய குறிப்பைப் பாராமல், இன்று கண்டதை மட்டுமே எழுதவேண்டும் என்பது விதி. ஒரே சம்பவத்துக்கு இரண்டு வேறு எண்ணிக்கைகள் செய்தி மேசைக்கு வந்த காலத்தில் தொழில் செய்தவன் நான். இந்த விதியை எங்களுக்கும் யாராவது எழுதிவைத்திருக்கலாம்.

வால்வெள்ளியை அளப்பது இன்னும் சங்கடமானது. விண்மீன் ஒரு புள்ளி. வால்வெள்ளியோ பரந்த புகை. விண்மீனின் உருவத்தையும் அதேயளவு கலங்கச் செய்தே ஒப்பிடவேண்டும். இதை நான் நேரில் கண்டது 1996 மார்ச்சில். வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு வீட்டில் நான்கு குடும்பங்கள் இருந்தோம். மின்சாரம் இல்லாத குடாநாட்டில் இருளுக்குக் குறைவில்லை. நள்ளிரவில் சுவாதி விண்மீனுக்கு அப்பால் ஹயாகுட்டாகே வால்வெள்ளி நின்றது. எங்களுடன் இருந்த ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் கிட்டப்பார்வைக்காரர். கண்ணாடியைக் கழற்றினார், சுவாதியும் வால்வெள்ளியும் இரண்டு மங்கிய வட்டங்களாயின.

“சுவாதியிலும் கொஞ்சம் குறைவு தம்பி” என்றபடி, ஜாம் போத்தல் விளக்கைச் சற்றுத் தூண்டி, கொப்பியில் திகதியும் நேரமும் இலக்கமும் எழுதினார். அப்படி ஆறேழு இரவுகள்.

திண்ணையில் இருந்த ஆச்சி கேட்டாள்: “மாஸ்ரர், வால்வெள்ளி வந்தா ஊருக்குக் கேடு எண்டு சொல்லுவினம். வீடு வாசலை விட்டிட்டு வந்து கிடக்கிற எங்களுக்கு இனி என்ன கேடு?” மாஸ்ரர் எழுதிக்கொண்டே இருந்தார்.

2000இல் சாவகச்சேரிச் சண்டையில் அந்த வீடு தரைமட்டமானது. மாஸ்ரர் விட்டுச்சென்ற கொப்பியும் அதனுள் போயிற்று.

சந்திராவும் ஊரிழந்தவர்தான். பிரிவினைக்குப்பின் ஜெசோர் எல்லைக்கு அப்பால் போய்விட, கல்கத்தாவுக்கு அருகே பராசத்தில் குடியேறி, 1975இல் வறுமையில் மறைந்தார். ஆனால் அவருடைய இலக்கங்கள் தபாலில் முன்னரே கடல்கடந்துவிட்டன. அவை இன்றும் உள்ளன.

1926இல் அச்சங்கம் அவருக்கு 6 அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய தொலைநோக்கி ஒன்றை இரவலாக அனுப்பியிருந்தது. அதன் முந்தைய உரிமையாளரான சார்ள்ஸ் எல்மர் நீதிமன்றச் சுருக்கெழுத்துத் தொழிலில் இருந்தவர் என்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி. சந்திரா அதை ஒப்படைத்தபோது, சங்கத்தின் விருப்பப்படி அது வானியலாளர் வைனு பாப்புவிடம் சென்றது. பின்னர் தமிழ்நாட்டின் சவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. பாப்புவும் ஹாவார்டில் மாணவராக இருந்த காலத்தில், 1949இல், ஒரு வால்வெள்ளியைக் கண்டவர்.