பீர்கஞ்ச்: வாசலில் இருப்பவர்களின் வெறுப்பு

நேபாளத்தின் தெற்கு எல்லையில், பீகாரின் ரக்சௌல் நகருக்கு நேர் எதிரே அமைந்துள்ள பீர்கஞ்ச், கடற்கரையே இல்லாத அந்நாட்டின் முதன்மையான வணிக வாசலாகும். ராணா வம்சத்துப் பிரதமர் வீர் சம்சேரின் பெயரைத் தாங்கிய இச்சந்தை ஊர், 1927-இல் ரக்சௌலிலிருந்து அம்லேக்கஞ்ச் வரை இடப்பட்ட ரயில் பாதையாலும், 1950-களில் காத்மாண்டுவை நோக்கி மலையேறிய திரிபுவன் நெடுஞ்சாலையாலும் வளர்ந்தது. கொல்கத்தா துறைமுகத்தில் இறங்கும் சரக்கின் பெரும்பங்கும் இந்தியப் பெட்ரோலும் இவ்வழியே உள்ளே செல்வதால், பீர்கஞ்சில் கதவடைத்தால் காத்மாண்டுவில் அடுப்பு எரியாது. இவ்வூருக்கு வந்த சோதனைகளில் பல இதிலிருந்தே தொடங்குகின்றன.

ஊரார் பெரும்பாலும் போஜ்புரி பேசுபவர்கள். தராய் எனப்படும் தென் சமவெளியின் குடிகளாகிய இவர்களை மாதேசிகள் என்பர். ஆலைக் கழிவால் கறுத்து ஓடும் சிர்சியா ஆற்றுக்கு அக்கரையிலும் உறவினர் இருக்க, கடவுச்சீட்டின்றிக் கடக்கக்கூடிய எல்லையில் கொள்வினை கொடுப்பினை இயல்பாக நடைபெறுகிறது. குதிரை வண்டிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைக் கடந்து போய்வருகின்றன. கடைகளில் இந்திய ரூபாயும் செல்லுபடியாகிறது. இந்த நெருக்கமே மலைநாட்டு ஆட்சியாளர்களின் கண்ணில் ஐயத்துக்கு உரியதாகி, குடியுரிமைச் சான்று பெறுவதில்கூட மாதேசிகள் பலரை அலைக்கழித்து வந்தது.

2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பின் அவசரமாக முடிக்கப்பட்ட புதிய அரசியலமைப்பு அவ்வாண்டு செப்டம்பர் 20-இல் அறிவிக்கப்பட்டபோது, நாடு ஏழு மாகாணங்களாகப் பிரிக்கப்பட்ட முறையில் சமவெளியின் மாவட்டங்கள் சில மலைப்பகுதிகளோடு இணைக்கப்பட்டதால், மாதேசிகள் தங்கள் வாக்குப் பலம் சிதறடிக்கப்பட்டதாகக் கொதித்தனர். ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்த முழு அடைப்பு, நாகாபந்தி எனப்படும் எல்லை முற்றுகையாக மாறியது. சிர்சியாவின் மீதுள்ள மைத்ரி பாலத்தில் போராட்டக்காரர்கள் கூடாரமடித்து அமர்ந்தனர். மறுபுறம் இந்தியச் சுங்கச்சாவடியில் லாரிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. முற்றுகையில் தனக்குப் பங்கில்லை என்று புதுதில்லி கூறியதைக் காத்மாண்டு ஏற்கவில்லை.

இந்த இழுபறியில் பீர்கஞ்ச் குடிமகனின் நிலை இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை. கோரிக்கை அவனுடையது, அதற்காகப் போராடித் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த சமவெளியினரும் அவனுடைய இனத்தார். ஆனால் பள்ளிக்கூடம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததும், தினக்கூலி இல்லாமல் போனதும், மருந்துக் கடை காலியானதும் அவனுடைய வீட்டிலேயே நிகழ்ந்தன. ரக்சௌலிலிருந்து சைக்கிளில் கேன்களைக் கட்டிக் கொண்டுவரப்பட்ட பெட்ரோல் கறுப்புச் சந்தையில் பல மடங்கு விலைக்கு விற்றது. ஊரின் வணிகம் படுத்துவிட, கடத்தல் மட்டும் செழித்தது. தலைவர்கள் பேச்சுவார்த்தைக்குத் தலைநகர் சென்று திரும்ப, பாலத்துக் கூடாரங்களுக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு சமவெளி மக்களின் தலையில் விழுந்தது.

தம் பெயரால் நடந்த முற்றுகையின் மீது ஊரார் கொண்ட வெறுப்பு 2016 பிப்ரவரி 5-இல் செயலாக வெளிப்பட்டது. இருபுறத்து வணிகர்களும் ஊராரும் பாலத்துக்கு வந்து, மூங்கில் தடுப்புகளையும் கூடாரங்களையும் தாமே அகற்றி லாரிகளுக்கு வழிவிட்டனர்; அடுத்த சில நாட்களில் போராட்டத்தை நடத்திய கூட்டணியும் முற்றுகையைக் கைவிடுவதாக அறிவித்தது. இதைக் கோரிக்கைக்கு இழைத்த துரோகம் எனச் சிலர் பழித்தது நியாயமாகாது. ஐந்து மாதப் பட்டினிக்குப் பிறகு கடையைத் திறக்க விரும்பியவன் உரிமையை விற்றுவிட்டவன் ஆகமாட்டான். அவன் மறுத்தது, தன் வயிற்றைப் பணயமாக வைத்துப் பிறர் ஆடும் உரிமையைத்தான்.

அரசோ இதிலிருந்து வேறு பாடம் கற்றது. 2019-இல் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் நீளப் பெட்ரோலியக் குழாய் திறக்கப்பட்டதால், எரிபொருளுக்கு மைத்ரி பாலத்தை நம்பியிருக்கும் தேவை பெரிதும் குறைந்தது. சமவெளியில் அமைந்த இரண்டாம் மாகாணத்துக்கு 2022-இல் மாதேச மாகாணம் என்று பெயர் சூட்டப்பட்டது. அம்மாகாணத்தின் தலைநகராகும் வாய்ப்பைப் பீர்கஞ்ச் இழக்க, அது ஜனக்பூருக்குக் கிடைத்தது. முற்றுகைக் காலத்திலேயே, 2016 ஜனவரியில் நிறைவேறிய அரசியலமைப்பின் முதல் திருத்தம் தொகுதிப் பங்கீட்டையும் பிரதிநிதித்துவத்தையும் சீர்செய்ததே தவிர, போராட்டத்தின் மையக் கோரிக்கையாகிய மாகாண எல்லைகளைத் தொடவில்லை. அவை 2015-இல் வரையப்பட்டபடியே உள்ளன.